‘லாக் அப்’பும் திண்டுக்கல் பூட்டும்

இரவு ஒன்பதரைக்குத் திண்டுக்கல் கடைவீதியில் ஷட்டர்கள் இறங்கும் நேரம், “என்னண்ணே, கடையைக் கட்டியாச்சா?” என்ற குரல் கேட்கும். கட்டுவதற்கு அங்கே கயிறு கிடையாது. ஆனாலும் கல்லாவை எண்ணி, விளக்கை அணைத்து, எல்லாக் கதவையும் பூட்டிக் கிளம்பியாயிற்றா என்று கேட்கிறார்கள் என்பது நமக்குப் புரிகிறது. ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் இதற்குத்தான் ‘லாக் அப்’ என்பார்கள். வெறும் ‘லாக்’ ஒரு கதவைப் பூட்டுவது. ‘அப்’ ஒட்டிக்கொண்டால் முழு இடத்தையும் மூடிவிட்டுப் போவது. ‘மேலே’ என்ற அர்த்தத்தை இங்கே தேடக் கூடாது. மிச்சமில்லாமல் முடிப்பதைத்தான் ‘அப்’ சொல்கிறது. ‘ஈட் அப்’ என்றால் தட்டைக் காலி செய் என்பதுபோல.

ஒட்டு மாறினால் பொருளும் மாறும். ஆளை உள்ளே வைத்தால் காவல் நிலைய ‘லாக்கப்’. தொழிலாளியை வெளியே நிறுத்தி ஆலையை மூடினால் ‘லாக்கவுட்’. நூற்பாலைகள் நிறைந்த திண்டுக்கல் வட்டாரத்தில் இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘லாக்டவுன்’ 2020இல் வீடு வீடாக வந்து சேர்ந்தது. தமிழில் பொருளை மாற்றும் இந்த வேலையைத் துணைவினையால் செய்கிறோம். பூட்டிவிடு என்றால் வேலை முடிகிறது. பூட்டிக்கொள் என்றால் பூட்டுபவர் உள்ளே இருக்கிறார். பூட்டிப்போடு என்பதில் கொஞ்சம் அலட்சியம் தெரிகிறது. எனக்கு நம் வழிதான் நுட்பமாகத் தோன்றுகிறது.

பூட்டைப் பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது திண்டுக்கல் பூட்டு. மாங்காய் வடிவில் செய்வதை மாங்காய்ப் பூட்டு என்றே அழைக்கிறார்கள். உள்ளே இருப்பவை லீவர்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். சாவியின் பற்கள் அவற்றை வெவ்வேறு அளவு தூக்கும்போது வெட்டுகள் எல்லாம் ஒரே கோட்டில் வரவேண்டும். அப்போதுதான் தாழின் முளை அந்த வழியே நகரும். ஒரு தகடு மயிரிழை குறைந்தாலும் கூடினாலும் முளை முட்டி நின்றுவிடும். கூடினாலும் நின்றுவிடும் என்ற இந்த இரண்டாவது தடையைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் பாரன், 1778இல். அதற்கு முந்தைய பூட்டுகளில் தகட்டைத் தேவையான உயரத்துக்கு மேல் எவ்வளவு தூக்கினாலும் திறந்துவிடும்.

அந்த மயிரிழைக் கணக்கைத் திண்டுக்கல் பட்டறையில் அரத்தைப் பிடித்த கைதான் பார்க்கிறது. ராவுவதும், சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்ப்பதும், மறுபடி ராவுவதுமாக, ‘டக்’ என்ற சத்தம் கேட்கும்வரை.