காஞ்சிபுரம் பட்டின் வணிக அடையாளம்

காஞ்சிபுரம் பட்டின் வணிக அடையாளம் என்பது காஞ்சிபுரத்தில் நெய்யப்படும் பட்டுச் சேலைகளைப் பிற ஊர்ச் சேலைகளிலிருந்தும், ஓர் உற்பத்தியாளரின் சேலையை மற்றவருடைய சேலையிலிருந்தும் பிரித்தறிய உதவும் பெயர்கள், குறிகள், முத்திரைகள் ஆகியவற்றைக் குறிக்கும். இவற்றுள் ஊர்ப்பெயர் அனைவருக்கும் பொதுவானது. எனவே இங்கு புதிதாகத் தொழில் தொடங்கும் ஒருவர், ஊர்ப்பெயரை ஆளும் உரிமையுடன் தமக்கென ஒரு தனிப்பெயரையும் பெறவேண்டியுள்ளது.

பின்னணி

வரதராசப் பெருமாள் கோயில் அமைந்துள்ள சின்ன காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம் முதலிய பகுதிகளில் பட்டு நெசவு நடைபெறுகின்றது. நெசவாளர் பலர் கூட்டுறவுச் சங்கங்களுக்கோ தனியார் உற்பத்தியாளர்களுக்கோ கூலிக்கு நெய்கின்றனர். பட்டும் சரிகையும் அவர்களிடமிருந்து பெற்று, நெய்த சேலையைத் திருப்பித் தருகின்றனர். சேலை கடையின் பெயரில் விற்கப்படுவதால் நெய்தவரின் பெயர் வாங்குபவரை அடைவதில்லை. விசைத்தறிச் சேலைகளும் இவ்வூரின் பெயரில் விற்கப்படுவது நெசவாளரின் வருவாயைப் பாதிக்கின்றது.

பொது அடையாளங்கள்

வாங்குபவருக்கு எழும் வெவ்வேறு ஐயங்களுக்கு வெவ்வேறு குறிகள் விடை தருகின்றன.

* புவிசார் குறியீடு: எந்த ஊரில், எம்முறையில் நெய்யப்பட்டது என்பதைக் காட்டுவது. இதற்கான 1999ஆம் ஆண்டுச் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு 2005-06இல் பதிவு செய்யப்பட்டது. ஆரணிப் பட்டு தனியே குறியீடு பெற்றுள்ளது.
* பட்டு முத்திரை: இழை தூய பட்டு என்பதற்கான சான்று. மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004இல் அறிமுகமானது. நெய்த ஊரையோ தறியின் வகையையோ இது கூறாது.
* கைத்தறி முத்திரை: கைத்தறியில் நெய்யப்பட்டது என்பதற்கான சான்று. 2006இல் அறிமுகமானது.

புவிசார் குறியீட்டை எவரும் விலைக்கு விற்கவோ பிறருக்கு மாற்றித் தரவோ இயலாது. உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' எனத் தனித்தனியே பதிவு செய்துகொள்ளலாம். குறியீட்டைப் பொய்யாகப் பயன்படுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கின்றது.

தனி அடையாளம்

உற்பத்தியாளர் யார் என்பதைக் காட்டுவது வணிகக்குறி ஆகும். வணிகக்குறிகள் சட்டம், 1999 இன்படி, பொருளின் வகையையோ தோன்றிய இடத்தையோ மட்டும் சுட்டும் சொற்கள் பொதுவாகப் பதிவுக்கு ஏற்கப்படுவதில்லை. ஆகவே 'காஞ்சிபுரம்', 'பட்டு', 'கைத்தறி' ஆகிய சொற்களை மட்டும் சேர்த்து அமைத்த பெயர் ஒருவருக்கே உரியதாகாது. காமாட்சி, வரதராசர் போன்ற தெய்வப் பெயர்களும் பலரால் ஆளப்படுவதால் பிரித்துக் காட்டும் ஆற்றல் குறைந்தவை. புதிய பெயரைத் தெரிவு செய்யும் முன் வணிகக்குறிப் பதிவகத்தின் தரவுத்தளத்தில் அதே பெயரோ ஒத்த ஒலியுடைய பெயரோ உள்ளதா எனத் தேடுதல் நன்று. சேலைகள் 25ஆம் வகுப்பில் அடங்கும். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம்.

வடிவமைப்பு

கோயில் கரை, தாழம்பூ ரேக்கு, வைர ஊசி, பாலும் பழமும் கட்டம் முதலிய மரபு வடிவங்கள் பொதுச் சொத்தாகும். உடலையும் கரையையும் வெவ்வேறு நிறங்களில் நெய்து இணைக்கும் கோர்வை முறையும் அவ்வாறே. இவற்றைக் கொண்டு ஊரை அடையாளம் காணலாம். ஒரு தனி உற்பத்தியாளரைக் காண இயலாது. புதிதாக உருவாக்கிய வடிவத்தை வடிவமைப்புச் சட்டம், 2000 இன்கீழ்ப் பதிவு செய்தால் பத்து ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டுகளும் பாதுகாப்புக் கிடைக்கும். ஆயினும் சந்தையில் வெளியிடுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வெளியான வடிவம் புதியது எனக் கொள்ளப்படாது.

வரம்புகள்

பதிவு மட்டும் நற்பெயரை ஈட்டித் தராது. சரிகையின் தரம், சாயத்தின் உறுதி, நெய்தவர் பெயர், தறியில் எடுத்த நாட்கள் ஆகியவற்றைச் சேலையுடன் எழுதித் தரும் உற்பத்தியாளரிடம், பெயருக்குப் பின்னுள்ள உழைப்பை வாங்குபவர் அறிந்துகொள்ள இயலும். அதே தரம் அடுத்த சேலையிலும் தொடரும்போதே தனிப்பெயர் நிலைபெறுகின்றது. ஒருவர் தரம் குறைந்த சேலையை இவ்வூரின் பெயரில் விற்றால், இழப்பு அவருடன் நில்லாமல் ஊர்ப்பெயரைப் பகிரும் நெசவாளர் அனைவரையும் சாரும்.