சடைக்கு இன்று தலைக்குளியல்!

அடுப்பில் நுரை பொங்கி வழிகிறது! பால் இல்லை, பூந்திக்கொட்டை! திருவான்மியூரில் அக்கா வீட்டுச் சமையலறைக்குள் காலை ஏழு மணிக்கே நுழைந்துவிட்டேன். அக்கா மகன் சடை அலசும் நாள் இன்று. ஆறு வருஷமாக வளர்த்த ட்ரெட்லாக்ஸ், தோளைத் தாண்டித் தொங்குகிறது. எண்ணிப் பார்த்தேன், 43 சடைகள்! பார்ப்பவர்கள் எல்லாம் அவனிடம் கேட்பது ஒன்றுதான்: "இதைக் கழுவுவியாப்பா?" கழுவுகிறான். எப்படி என்று பார்க்கத்தான் ஓடி வந்தேன்.

ராத்திரியே 15 கொட்டைகளை விதை நீக்கி ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தான். காலையில் நாலு சீயக்காய் நெற்றையும் உடைத்துப் போட்டு, சிறு தீயில் இருபது நிமிஷம். இரண்டிலுமே சபோனின் இருக்கிறது. நுரைப்பதும் அழுக்கை எடுப்பதும் அதுதான்.

"வீட்ல சீயக்காய்த்தூள் இருக்கே, அதையே தேய்ச்சா என்னடா?"

"ஐயோ சித்தி! தூள் உள்ள போச்சுன்னா வெளிய வரவே வராது!"

எனக்குச் சட்டென்று விளங்கியது. நம் தலையில் தங்கும் தூளைச் சீப்பு எடுத்துவிடும். சடைக்குள் சீப்பு போகாது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. சடையில் அவைகூடக் கீழே விழாமல் உள்ளேயே பின்னிக்கொள்கின்றன. முடியையே விடாத சடை தூளை விடுமா? அதனால்தான் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுகிறான், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை! வெந்தயம், செம்பருத்தி இலை இரண்டுக்கும் இங்கே இடமில்லை. அந்த வழுவழுப்பும் உள்ளே தங்கிவிடும்.

ட்ரெட்லாக்ஸை அடையாளமாகக் கொண்ட ராஸ்தாபாரி மார்க்கம் 1930களில் பிறந்த ஜமைக்காவில், தலை அலச நாட்டுக் கைமருந்து கற்றாழை. அங்கே அதற்குச் செல்லப்பெயர் 'சிங்க்கிள் பைபிள்'! நம் வீட்டுத் தொட்டியில் நிற்கும் அதே கற்றாழைதான்! ஆப்பசோடா கலந்து அலசுகிறவர்களும் உண்டு. வாராவாரம் அது வேண்டாம் என்பேன். சோடாத் தண்ணீரின் பி.எச். 8க்கு மேல், தலைத்தோலுக்கு ஏறக்குறைய 5.5. தோல் வறண்டு அரிக்கும்.

இப்போது குளியலறை வாசல்! ஆறிய வடிநீரை ஒரு பாட்டிலில் ஊற்றிக் குலுக்குகிறான். கழுத்துவரை வெள்ளை நுரை! கண்ணை இறுக மூடிக்கொள்கிறான், பட்டால் அப்படி எரியும். முதலில் வேர்க்கால்கள், விரல் நுனியால். பிறகு ஒவ்வொரு சடையாகப் பிடித்துப் பிழிகிறான். வாளியில் விழுவது கறுப்புத் தேநீர்! மறுபடி தண்ணீர், மறுபடி பிழிசல். ஐந்தாவது வாளியில்தான் தண்ணீர் தெளிந்தது. நான் கைதட்டியே விட்டேன்.

வேலை இன்னும் முடியவில்லை. மூன்று துண்டுகளால் ஒற்றி ஒற்றிப் பிழிந்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சை பிடித்து முடைநாற்றம் வரும். வந்தால் போக்குவது பெரும்பாடு. மத்தியானம் தொட்டுப் பார்த்தேன். மேலே மொறமொறவென்று காய்ந்திருந்தது, நடுவில் இன்னும் சில்லென்று இருந்தது.

சடை வளர்ப்பவர்களே, காலை ஒன்பது மணிக்குள் தலையை நனைத்துவிடுங்கள். மழை மூட்டமென்றால் அடுத்த வெயிலுக்குக் காத்திருங்கள்.