அங்கே படித்தது இங்கே செல்லுமா?

1957ஆம் ஆண்டு, இத்தாலியின் ரோம் நகரிலே சட்டம் படித்துக்கொண்டிருந்த சோபியா கொராடி என்ற மாணவிக்கு ஐக்கிய அமெரிக்காவின் புல்பிரைட் புலமைப்பரிசில் கிடைத்தது. அவர் நியூயோர்க்குக்குச் சென்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்திலே பல்கலைக்கழகங்கள் தொடர்பான சட்டங்களை ஒப்பிட்டுப் படித்து முதுமாணிப் பட்டமும் பெற்றார். அடுத்த ஆண்டு ஊர் திரும்பி, தாம் படித்த ரோம் சபியென்சா பல்கலைக்கழகத்தின் அலுவலகத்திற்குச் சென்று, அமெரிக்காவில் படித்ததையும் தமது படிப்போடு சேர்த்துக் கணக்கிடும்படி கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மற்ற மாணவர்களின் முன்னிலையிலே தாம் அவமானப்பட நேர்ந்ததாகப் பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். எஞ்சியிருந்த பரீட்சைகளை ரோமிலேயே எழுதி முடித்த பின்னர்தான் அவருக்கு அங்கே பட்டம் கிடைத்தது.

உலகின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் ஒன்று கொலம்பியா. அங்கே பெற்ற முதுமாணிப் பட்டமே தன் சொந்த ஊரில் ஒரு பரீட்சைக்குக்கூட ஈடாகவில்லை. காரணம் மிகவும் எளிமையானது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையில் எந்த ஒப்பந்தமும் இருக்கவில்லை.

நம் வீடுகளில் வெளிநாட்டுப் படிப்பு பற்றிப் பேச்சு எழுந்தால் வாப்பாமார் முதலில் கேட்பது செலவைப் பற்றித்தான். இரண்டாவதாக, "படிச்சிட்டு வந்தா இங்க செல்லுமா?" என்று கேட்பார்கள். பிள்ளைகளாகிய நாம் இந்த இரண்டாவது கேள்வியைப் பழைய காலத்துக் கேள்வி என்று நினைத்துச் சிரிப்பதுண்டு. உண்மையில் சர்வதேசப் பல்கலைக்கழகக் கூட்டுறவு என்ற பெரிய ஏற்பாடு முழுவதும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே உண்டானது.

கொராடி அந்த அவமானத்தை மறக்கவில்லை. பின்னர் அவர் இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் மாநாட்டுக்கு ஆலோசகரானார். அந்தப் பதவியில் இருந்தபடியே, வெளிநாட்டில் படித்த காலத்தைத் தாய்ப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற முன்மொழிவை 1969இல் எழுதினார். அமைச்சர்களிடமும் பேராசிரியர்களிடமும் பல ஆண்டுகள் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1976இல் ஐரோப்பிய சமூகம் சிறிய அளவில் கூட்டுப் படிப்புத் திட்டங்களைத் தொடங்கியது. 1987இல் இராஸ்மஸ் திட்டம் பிறந்தது. முதலாவது ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் பயணமானார்கள். இன்று வரை அதனால் பயன்பெற்றோர் ஒரு கோடிக்கும் அதிகம். பாரிஸ், கேம்பிரிட்ஜ், லூவன், பாசல் என்று ஊர் ஊராகச் சென்று படித்தும் படிப்பித்தும் வாழ்ந்த ரொட்டர்டாம் அறிஞர் இராஸ்மஸின் பெயரை அத்திட்டம் தாங்கி நிற்கிறது. கொராடியை 'இராஸ்மஸின் அம்மா' என்று ஐரோப்பிய மாணவர்கள் அழைத்தார்கள். 2025இல், தமது 91ஆவது வயதில் அவர் காலமானார்.

இனி, இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம்.

இரண்டு நாடுகளின் படிப்பை ஒப்பிட வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும். துணிக்கு மீற்றர், அரிசிக்குக் கிலோ என்பதுபோலப் படிப்புக்குக் கிரெடிட். ஒரு பாடத்தைப் படித்து முடிக்க ஒரு மாணவி செலவிட வேண்டிய மொத்த மணித்தியாலங்களை அது குறிக்கிறது. விரிவுரையில் இருக்கும் நேரம் மட்டுமல்ல, நூலகத்தில் இருக்கும் நேரமும் ஒப்படை எழுதும் நேரமும் பரீட்சைக்குப் படிக்கும் நேரமும் சேர்ந்ததே அந்தக் கணக்கு. ஐரோப்பாவில் ஒரு முழு ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணித்தியாலங்கள். இலங்கையின் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலங்கள். ஆகவே ஓர் ஆண்டுக்கு 30 கிரெடிட். இங்கிலாந்திலோ ஒரு கிரெடிட்டுக்குப் பத்தே மணித்தியாலங்கள். ஓர் ஆண்டுக்கு 120 கிரெடிட்.

அதாவது ஒரே ஓராண்டுப் படிப்பை ஓர் இடத்தில் 30 என்றும் இன்னோர் இடத்தில் 60 என்றும் வேறோர் இடத்தில் 120 என்றும் எழுதுகிறார்கள். விளம்பரத் தாளில் "120 கிரெடிட்" என்று பார்த்ததும் நாலு வருடப் படிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. நம் நாட்டுக் கணக்கில் 120 கிரெடிட் என்பது நான்காண்டுச் சிறப்புப் பட்டம். இங்கிலாந்துக் கணக்கில் அது முதலாம் வருடம் மட்டுமே! இந்த ஒரு விடயத்தை நம் பெற்றோர் அறிந்திருந்தாலே பல சிக்கல்கள் குறையும் என்பது என் எண்ணம்.

'வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து' என்ற சொற்றொடரும் அப்படித்தான். அதற்குள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல விடயங்கள் ஒளிந்திருக்கின்றன. இரண்டு துணைவேந்தர்கள் கையொப்பமிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்று. அது பெரும்பாலும் 'சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறோம்' என்ற அளவில் நிற்பது. ஒரு மாணவியின் ஒரு பாடத்தைக்கூட அது தானாக ஏற்றுக்கொள்ளாது. பரிமாற்றத் திட்டம் வேறு. இங்கே பதிவு செய்த மாணவி ஒரு பருவமோ ஓர் ஆண்டோ அங்கே சென்று படித்துவிட்டுத் திரும்பி, இங்கேயே பட்டம் பெறுவாள். சாதாரணமாக அவள் அங்கே கற்கைக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அங்கிருந்து இங்கே வரும் மாணவியும் அப்படியே. இன்னொரு முறையில் இரண்டு வருடம் இங்குள்ள நிறுவனத்தில் படித்து, மிகுதியை அங்கே சென்று முடித்து, அங்குள்ள பட்டத்தைப் பெறலாம். இங்கேயே இருந்து முழுவதையும் படித்து வெளிநாட்டுப் பட்டம் பெறும் முறையும் உண்டு. இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரே சான்றிதழ் தந்தால் அது கூட்டுப் பட்டம். தனித்தனியே இரண்டு சான்றிதழ் தந்தால் இரட்டைப் பட்டம்.

எங்கள் உறவுக்கார ராத்தா ஒருவர் இந்த இரண்டு வருட முறையில்தான் சேர்ந்தார். சேரும்போது அவருக்குக் காட்டியது அழகான ஒரு விளம்பரத் தாள். மூன்றாம் வருடத்துக்கு வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தபோது, முதலாம் வருடத்தை மட்டுமே ஏற்கலாம் என்று பதில் வந்தது. எந்தெந்தப் பாடம் அங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்று எழுத்தில் எவரும் கொடுத்திருக்கவில்லை; கேட்க வேண்டும் என்று நம் வீட்டில் எவருக்கும் தெரிந்திருக்கவுமில்லை. மாமி தன் காப்பை விற்றுக் கட்டிய ஒரு வருடக் காசு அது. 1958இல் ரோமில் நடந்தது நமது தெருவிலும் நடக்கிறது என்பதை இக்கட்டுரைக்காக வாசித்தபோதுதான் உணர்ந்தேன்.

இந்தக் கூட்டுறவு நம் நாட்டுக்குப் புதியதல்ல. 1921இல் கொழும்பிலே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி தானாகப் பட்டம் வழங்கவில்லை. மாணவர்கள் இங்கே படித்து லண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சையை எழுதினார்கள். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை இதுவே நிலைமை. நம் சமூகத்தின் கல்விக்காக உழைத்த அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களும் அந்தக் கல்லூரியில் படித்து லண்டன் பட்டம் பெற்றவரே. கொராடி பெற்ற புல்பிரைட் புலமைப்பரிசிலும் 1952 முதல் நம் நாட்டவருக்குக் கிடைத்து வருகிறது.

இன்னும் பின்னோக்கிப் போனால் இஸ்லாமிய உலகின் கல்விப் பயணங்கள் இருக்கின்றன. அக்காலத்தில் கல்வி தேடிச் சென்ற மாணவருக்குச் சான்றிதழ் தந்தது கட்டடமல்ல, ஆசிரியர். 'இந்த நூலை இவர் என்னிடம் ஓதினார், பிறருக்கு ஓதிக்கொடுக்கலாம்' என்று அவர் எழுதித் தரும் இஜாஸா ஊர் எல்லைகளைக் கடந்து செல்லுபடியாகும். ஏனென்றால் அந்த ஆசிரியர் யாரிடம் கற்றார் என்ற தொடர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மர்வ் நகரைச் சேர்ந்த கரீமா என்ற பெண் அறிஞர் பதினோராம் நூற்றாண்டில் மக்காவிலே ஸஹீஹுல் புகாரியைக் கற்பித்தார். பக்தாத் வரலாற்றை எழுதிய கதீப் அல்-பக்தாதி அவரிடம் அமர்ந்து ஓதியவர். ஒரு பெண் தரும் இஜாஸா அன்று செல்லுமா செல்லாதா என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

இன்று அந்தத் தொடரின் இடத்தில் பட்டியல்கள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பட்டம் ஒன்றை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்பதற்கு முன், அந்தப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டேட்டிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ இடம்பெற்றுள்ளதா என்று பார்க்கும். அத்தோடு வேலை முடிந்துவிடாது. பட்டம் ஏற்கப்படுவது ஒன்று, தொழில் செய்ய அனுமதி கிடைப்பது இன்னொன்று. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் இலங்கை மருத்துவ சபையின் கீழ் நடைபெறும் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதற்கு முன்பே, அவர் படித்த பல்கலைக்கழகத்தை மருத்துவ சபை ஏற்றிருக்கவும் வேண்டும். உயிரியல் பிரிவில் படிக்கும் என் தோழியர் இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒப்பந்தங்களுக்கு ஆயுளும் உண்டு. 2014இல் குடியேற்றம் பற்றிய வாக்கெடுப்பு ஒன்றின் பின்னர் சுவிட்சர்லாந்து இராஸ்மஸ் திட்டத்திலிருந்து வெளியே நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த பிரித்தானியாவும் அத்திட்டத்தை விட்டு, 2021இல் டூரிங் என்ற தனது சொந்தத் திட்டத்தைத் தொடங்கியது. இவ்வளவு பெரிய நாடுகளுக்கே அரசியல் மாறும்போது கதவு மூடுமானால், ஒரு சிறிய நிறுவனம் செய்த ஒப்பந்தம் நமது படிப்பு முடியும் வரை நிலைக்குமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பெண் பிள்ளையைத் தனியே அனுப்புவதா என்ற கேள்வியும் நம் வீடுகளில் இருக்கிறது. அதைப் பேசாமல் இக்கட்டுரையை முடித்தால் நான் பாதியைத்தான் சொன்னவளாவேன். என் பார்வையில், நமது பெற்றோர் வெளிநாட்டுப் படிப்பு என்றதும் நாலைந்து வருடப் பிரிவையே கற்பனை செய்கிறார்கள். ஒரு பருவப் பரிமாற்றம் என்ற ஒன்று இருப்பதை அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. அதில் பிள்ளை இங்குள்ள பல்கலைக்கழகத்தின் மாணவியாகவே இருப்பாள். பெரும்பாலும் இங்கிருந்து வேறு மாணவர்களும் உடன் செல்வார்கள். தங்குமிடத்துக்குப் பொறுப்பான ஓர் அலுவலகம் அங்கே இருக்கும். சாப்பாடு பற்றியும் தொழுகைக்கான இடம் பற்றியும் புறப்படுவதற்கு முன்பே எழுதிக் கேட்கலாம்.

இலங்கைப் பல்கலைக்கழகங்கள் சிலவும் இராஸ்மஸ் பரிமாற்றங்களில் பங்குபற்றி வந்துள்ளன. தெரிவாகும் மாணவருக்குப் பயணச் செலவும் மாதாந்தக் கொடுப்பனவும் கிடைக்கும். பட்டம் பெற்ற பின் முதுமாணிக்கு இராஸ்மஸ் முண்டுஸ் என்ற வழியும் உண்டு. குறைந்தது இரு நாடுகளிலே படித்துப் பெறும் பட்டம் அது. புலமைப்பரிசில் பெறுபவர் கற்கைக் கட்டணம் கட்டத் தேவையில்லை. மாதம் 1,400 யூரோ வழங்கப்படுகிறது. அதற்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

பரிமாற்றத்துக்குப் போகும் மாணவி புறப்படுமுன் ஒரு படிவம் நிரப்புவாள். கற்றல் ஒப்பந்தம் என்பது அதன் பெயர். அங்கே படிக்கப்போகும் ஒவ்வொரு பாடமும் அதற்குரிய கிரெடிட்டும், அது இங்கே எந்தப் பாடத்துக்குப் பதிலாகக் கணக்கிடப்படும் என்பதும் அதிலே இருக்கும். மாணவி, இங்குள்ள பல்கலைக்கழகம், அங்குள்ள பல்கலைக்கழகம் என மூன்று கையொப்பங்கள் வேண்டும். போன பிறகு பாடத்தை மாற்றினால் படிவத்தையும் மாற்றி மீண்டும் மூவரும் ஒப்பமிட வேண்டும். கொராடியின் கையில் 1958இல் இல்லாமற்போனது இந்தத் தாள்தான். நம் ராத்தாவின் கோவையிலும் இது இருக்கவில்லை. விமானச் சீட்டுக்குக் காசு கட்டுவதற்கு முன்னர் அந்த மூன்று கையொப்பங்களும் விழுந்திருக்கின்றனவா என்று வாப்பா பார்க்கட்டும்.