ஆவாரையும் அதன் காடும்

காடு என்றவுடன் வானளாவிய மரங்களும் அருவிகளும் நம் உள்ளத்தே தோன்றும். கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நாட்டிலோ இச்சொல்லின் வழக்கே வேறு. ஆங்கு ஓர் உழவர் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்பாராயின், பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் தம் மானாவாரி நிலத்துக்குச் செல்கின்றார் என்பதே பொருள். விளைநிலம் காடெனப் பெயர் பெறவே, உண்மைக் காடு பெயரிழந்து நின்றது. அதனைத் தரிசு என்றும் பொட்டல் என்றும் வழங்குகின்றனர். பெயரிழந்த அக்காட்டையும், அதன் அணிகலனாகிய ஆவாரையையும் பற்றி ஈண்டுச் சிறிது கூறுவாம்.

கோவிற்பட்டியில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களை ஒட்டி வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. கரிசல் மண் நனைந்தால் பசைபோல் ஒட்டும். உலர்ந்தால் பிளவுபட்டு, இளமரங்களின் வேரையும் அறுத்துவிடும். ஆதலின் இங்கு நெடுமரங்கள் செறிந்து வளர்தல் அரிது. இந்நிலத்துக்கு இயற்கை வகுத்தது முட்புதர்க்காடே. குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரம், விடத்தேரை, இலந்தை, சூரை, காரை முதலியன இக்காட்டின் குடிகள். இந்தியக் காடுகளை வகைப்படுத்திச் சாம்பியன், சேத் என்னும் இருவர் 1968 இல் வெளியிட்ட நூல், கர்நாடகக் குடைவேற்காடு என்று ஒரு தனிவகையே கூறுகின்றது. கோவிற்பட்டிக்கு அண்மையிலுள்ள குருமலைச் சரிவுகளிலும், ஏர் படாத சரளை மேடுகளிலும், ஓடைக்கரைகளிலும் இத்தகைய காட்டின் எச்சங்களைக் காணலாம்.

இக்குடிகளுள் ஆவாரைக்கு முள் இல்லை. எனினும் ஆடுமாடுகள் அதனை விரும்பி மேய்வதில்லை. பிற புதர்கள் மேய்ச்சலால் அழிந்த இடத்தும் அது நிலைபெறுதற்கு இதுவே காரணம். வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும். இலைக்காம்பின் அடியில் சிறு செவிபோன்ற செதில் இருத்தல் கண்டே, 1753 இல் லின்னேயஸ் என்னும் அறிஞர் ‘செவியுடையது’ என்று பொருள்படும் ஆரிகுலேட்டா என்ற பெயரை இதற்கு இட்டார்.

இதன் பொன்னிற மலரில் தேன் இல்லை. வண்டுகள் மகரந்தத்தையே நாடி வருகின்றன. அம்மகரந்தமும் எளிதிற் கிட்டுவதன்று. மகரந்தப் பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியே வெளிப்படவேண்டும். பெரிய கருவண்டு மலரைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிர்க்க, மகரந்தம் பொடியாய் உதிர்கின்றது. இலைகளையோ வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் உண்டு வளர்கின்றன. பொட்டல் என்று நாம் இகழும் நிலத்தில் இத்துணை உயிர்களுக்கு இச்செடி விருந்தளிக்கின்றது.

மக்கள் வாழ்விலும் இதற்கு இடம் பெரிது. குறிஞ்சிப்பாட்டில் எண்ணப்படும் மலர்களுள் ஆவிரையும் ஒன்று. மடலேறும் தலைவன் ஆவிரை, பூளை, எருக்கம் பூக்களைச் சூடினான் என்று சங்க நூல்களால் அறிகின்றோம். பொங்கற் காப்புக் கட்டுங்கால் வேப்பிலையோடு ஆவாரையையும் பூளையையும் இன்றும் சேர்த்துக் கட்டுகின்றனர். பழைய இணை பிரியவில்லை என்பது வியப்பன்றோ! இதன் பட்டை துவர்ப்பு மிக்கது. தென்னாட்டுத் தோல் பதனிடுவோர்க்கு நெடுங்காலம் அதுவே கைகண்ட பொருளாயிருந்தது.

இத்தகைய காடு இன்று மூன்று வழியால் குறைகின்றது. ஏர் பட்டு ஒரு பகுதி வயலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயல்நாட்டிலிருந்து கொணரப்பட்ட சீமைக்கருவேல் ஒரு பகுதியைக் கவர்ந்தது. மூன்றாவது, நல்லெண்ணத்தால் நேர்வது: வெற்றிடமென்று கருதிப் புதரைக் களைந்து, அந்நிலத்துக்கு ஒவ்வாத மரக்கன்றுகளை நடுகின்றனர். கன்றுகள் கோடையில் கருகுகின்றன, புதரும் மீள்வதில்லை.

தெலங்காணம் 2014 இல் தனி மாநிலமானபொழுது, தங்கேடு எனத் தெலுங்கர் வழங்கும் இவ்வாவாரையையே தன் மாநில மலராக ஏற்றது. நாம் அதற்கு விருது ஏதும் அளிக்கவேண்டுவதில்லை. அது நிற்கும் இடத்தைத் தரிசு என்னாது காடு என்று சொல்லப் பழகினாற் போதும். காடு என்று அறிந்த இடத்தில் கோடரியோடும் மண்வெட்டியோடும் புகுமுன் எவரும் ஒருகணம் நின்று எண்ணுவர். தரிசு என்ற இடத்தில் எவரும் எண்ணுவதில்லை.