கணக்கா, இன்ஜினியரிங்கா?

பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரம் ஒரு தாயும் மகளும் இரண்டு பஸ் மாறி நம்மைத் தேடி வந்தார்கள். தாய்க்கு நூறு நாள் வேலை; நடவுக் காலத்தில் நடவு. மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி. கணக்கில் 96, இயற்பியலில் 71, வேதியியலில் 74. வீட்டில் இவளுக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை.

"இன்ஜினியரிங்தான் சார் படிக்கணும். ஊர்த்தெருவுல யாராவது கேட்டா சொல்லிக்கிற மாதிரி இருக்கணும்ல" என்றார் தாய். மகள் தலையைக் குனிந்தபடி, "எனக்குக் கணக்கு பிடிக்கும் சார். பிஎஸ்சி மேத்ஸ் போறேன்" என்றாள்.

தாயின் ஆசையை வெறும் மோகம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. அப்பன் பேரைச் சொல்லி ஏய் என்று கூப்பிட்ட தெருவில், இன்ஜினியர் என்ற சொல் ஒரு சட்டை மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் கூப்பிடுகிறவனின் குரல் கொஞ்சம் தணியும். பிஎஸ்சி கணக்கு என்றால் அந்தத் தணிவு கிடைக்காது என்று அந்தத் தாய் நினைக்கிறார். அது முழுக்கத் தவறும் அல்ல.

ஆனால் கணக்கு என்ற சொல்லுக்கும் நம் தெருக்களில் ஒரு பழைய கதை உண்டு. நிலத்தின் அளவும் பட்டாவும் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் இருந்தன. அந்தப் பதவி தகப்பனுக்குப் பின் மகன் என்று வழிவழியாக வந்தது. அறுத்துக் கட்டு சுமந்தவர்களுக்கு அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கும் உரிமை இல்லை. 1980ல்தான் தமிழக அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்தது. பிறகு தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்துக்கு வந்தார். இதை அந்தத் தாயிடம் சொன்னபோது, "எங்க மாமனார் சொல்வாரு சார், கணக்குப்புள்ள திண்ணைக்குக் கீழதான் நிக்கணும்னு" என்றார்.

பிறகு மகளிடம் ஒன்று கேட்டோம். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை. ஏன்? புத்தகத்தில் இருக்கிறது என்பது பதில் ஆகாது. அவள் மதிப்பெண் நகலின் பின்பக்கத்தில் ஒரு முக்கோணம் வரைந்தாள். உச்சியைத் தொட்டு, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு இழுத்தாள். கீழே இருந்த இரண்டு கோணங்களும் மேலே ஏறிவந்து உச்சிக் கோணத்தின் இருபுறமும் உட்கார்ந்துவிட்டன. மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோடு. சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பைத் தாய் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு படிப்புக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. இன்ஜினியரிங்கில் கணக்கு ஒரு கருவி. அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் பாலத்துக்கும் மின்சுற்றுக்கும் விடை கண்டுபிடிக்க வருகின்றன. பட்டப்படிப்புக் கணக்கில் முதல் ஆண்டிலிருந்தே நிறுவு, நிறுவு என்றுதான் கேட்பார்கள். பிளஸ் டூவில் மாதிரிக் கணக்கை மனப்பாடம் செய்து 96 வாங்கியவர்கள் அங்கே திணறுவார்கள். மதிப்பெண் அதிகம் என்பதற்காக மட்டும் கணக்குப் பிரிவில் சேர வேண்டாம். பொருளைப் பிரித்துப் பார்த்து ஓடவைப்பதில் ஆர்வம் உள்ளவருக்கு இன்ஜினியரிங்தான் சரி.

இனி பணம். இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200க்கு. கணக்கு மதிப்பெண் முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேரும். இவளுக்கு 96, 35.5, 37. மொத்தம் 168.5. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 3. இதற்கு மேல் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு 2021 முதல் இன்ஜினியரிங்கிலும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு ஏற்கிறது. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் கலந்தாய்வில் சேர்ந்தவர்களுக்குத்தான். ஜூன் மாதம் காரில் காலனிக்கு வந்து, "சீட் வாங்கித் தரோம், ஸ்காலர்ஷிப் பாத்துக்கலாம்" என்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அவர்களை நம்பிச் சேர்ந்து, அரியர் விழுந்து, கட்டணப் பாக்கியில் சான்றிதழ் முடங்கி, இன்று பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும் தம்பிகளை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகவே அந்தத் தாயிடம் நம் எண்ணத்தைச் சொன்னோம். அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்கலாம். பெயர் தெரியாத கல்லூரிதான் கிடைக்கும் என்றால், பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் கணக்கு படிப்பது எவ்வளவோ மேல். கட்டணம் மிகக் குறைவு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் இரண்டு படிப்புக்கும் வரும். பிஎஸ்சி முடித்தபின் மனம் மாறினாலும் கதவு மூடிவிடாது. நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. எம்சிஏ இரண்டே ஆண்டு. ஜாம் தேர்வெழுதி ஐஐடியில் எம்எஸ்சி போகலாம். அங்கே பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு.

"டீச்சர் ஆகணும்னா எத்தன வருஷம் சார்?" என்றார் தாய். பிஎஸ்சி 3, பிஎட் 2, ஆக 5. மேல்நிலை வகுப்பு ஆசிரியர் என்றால் எம்எஸ்சிக்கு இன்னும் 2. அதன்பிறகு தேர்வு, அறிவிப்பு எப்போது வரும் என்று அரசுக்கே தெரியாது. தாய் விரலை மடக்கி எண்ணினார். இன்ஜினியரிங் 4. மகள் படிக்கும் ஏழு ஆண்டும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதை அவருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. கணக்கு படித்த பிள்ளைகளை நம் தெருக்கள் பாதியில் இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கணக்கிலேயே வெகுதூரம் போக நினைக்கும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சேதி. 1989ல் தொடங்கிய சென்னை கணிதவியல் நிறுவனம் இப்போது சிறுசேரியில் உண்டு. பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பி.மேத் நடத்துகிறது. இரண்டுக்கும் தனி நுழைவுத் தேர்வு. பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்ப நாள் முடிந்துவிடும். இந்தப் பெண்ணுக்கு அதை யாரும் சொல்லவில்லை. நாமும் போன ஆண்டு இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கலாம்.

இப்போதைக்கு இரண்டு விண்ணப்பமும் போட்டிருக்கிறாள். கலைக் கல்லூரிச் சேர்க்கை முந்தி வந்தால் சேர்ந்துவிடு, மூலச் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள் என்றோம். கல்லூரிகள் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018லேயே சொல்லியிருக்கிறது.

நேற்று தாய் போன் செய்தார். முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தாகிவிட்டதாம். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வர வேண்டும். "அவுங்க வந்தா என்ன காயிதம் எடுத்து வெக்கணும் சார்?" என்று கேட்டார்.