நெஞ்சுப் படபடப்பும் நம் விசுவாசமும்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலும் காலணித் தொழிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் இங்கே அடுப்பின் தீ தணியும். 2020-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கம் அதனை நன்கு உணர்த்திற்று. இத்தகைய வாழ்வில் கவலை எழுதல் இயல்பே. ஆயின் கவலை வேறு, பதற்ற நோய் வேறு. காரணம் நீங்கிய பின்னும் மாதக்கணக்கில் அச்சம் நீங்காது, உறக்கம் கெட்டு, மார்பு படபடத்து, வேலைக்கும் கோவிலுக்கும் செல்ல அஞ்சி ஒருவர் முடங்கிவிடுவாராயின், அது நோய்.

மாரடைப்போ என்றஞ்சி இருதயப் பரிசோதனை செய்கின்றனர், செய்யவும் வேண்டும். குறையொன்றுமில்லை எனத் தெரிந்ததும், "எல்லாம் உன் மனப்பிரமை" என்று வீட்டார் அதட்டுகின்றனர். "உனக்கு விசுவாசம் போதாது" என்போரும் உளர். இச்சொல் முன்னதினும் கொடிது. எலியா இறைவாக்கினர் சாவை விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்தபோது வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. அப்பமும் நீரும் தந்து, மீண்டும் உறங்கவிட்டார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தம் 42-ஆம் வயதில், ஆறு மாதம் வாரந்தோறும் உளப்பகுப்பாய்வு செய்யும் யூதப் பெண்மணி ஒருவரிடம் சென்றதைத் தாமே வெளிப்படையாகக் கூறியுள்ளார். அவருக்கு விசுவாசம் இல்லையென்று எவர் சொல்வார்?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் மனநல மையத்தை நிறுவியது. மனநோயாளரை உறவினரிடமிருந்து பிரித்து அடைத்துவைப்பதே பெருவழக்காயிருந்த அக்காலத்தில், உறவினர் ஒருவர் நோயாளியுடனேயே தங்கும் முறையை இங்கே கைக்கொண்டனர். அமிர்தசரசில் டாக்டர் வித்யா சாகர் கூடாரங்கள் அமைத்துக் குடும்பத்தினரைத் தங்கவைத்ததும் அக்காலத்திலேயே. பதற்ற நோயாளருள் பெரும்பாலோர் மருத்துவமனையில் தங்கவேண்டியதில்லை. ஆயினும் அம்முறையின் கருத்து அவர்தம் வீட்டுக்கும் பொருந்தும். நோயைக் குடும்பமும் கற்கவேண்டும்.

பஸ்ஸில் ஏற அஞ்சும் மருமகளைத் திட்டினால் அச்சம் வளரும். "நீ போகவேண்டாம் அம்மா, நானே போகிறேன்" என்று மாமியார் அன்போடு தடுத்தாலும் வளரும்! இது பலருக்கு வியப்பளிக்கலாம். தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வேரூன்றுகின்றது. முதல் நாள் அவளுடன் பஸ் நிறுத்தம்வரை சென்று நில்லுங்கள்; மறுநாள் ஒரு நிறுத்தம் பயணம் செய்யுங்கள். படபடப்பு வரும், சற்றுநேரத்தில் தானே தணியும். மெதுவாக மூச்சுவிடச் சொல்லிக் கூடவே இருங்கள். மருத்துவர் மருந்து தந்தால் அவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். ஆண்கள் இந்நோய்க்கு மதுவை மருந்தாக்கிக் கொள்வது, ஒரு நோயை இரண்டாக்குவதாகும்.

செபமாலையைக் கைவிடச் சொல்லவில்லை. செபமாலையோடு மருத்துவரிடம் செல்லுங்கள். உடனே செல்ல இயலாதோர், 2022-இல் அரசு தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.