மேட்டுக்கு அப்பால் பெய்த மழை

பந்தலூர், வால்பாறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் எந்த வேலை நின்றாலும் ஒரு வேலை நிற்பதில்லை. காலையில் அலுவலகம் திறந்ததும் ஒருவர் குடையும் அளவுக் குப்பியுமாக வேலிக்குள் நிற்கும் மழைமானியிடம் போவார். மேலே புனல், அடியில் பாட்டில். இரவெல்லாம் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரைக் குப்பியில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கோட்டைப் படித்து நோட்டில் எழுதுவார். மில்லிமீட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் தோட்டத்துப் பழைய ஆட்களின் பேச்சு இஞ்சிலும் சென்ட்டிலும்தான். நூறு சென்ட் ஓர் இஞ்ச். ‘நேத்து நாலு இஞ்ச் இருபது சென்ட்’ என்று சொன்னால் போதும், எந்தப் பாதையில் இன்று ஜீப் ஏறாது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

நம் வானிலைத் துறை பயன்படுத்தும் மழைமானி வகைகளில் ஒன்றின் புனல் வாய் 200 சதுர சென்டிமீட்டர். குறுக்கே அளந்தால் ஒரு சாண்கூட வராது. அந்தச் சின்ன வாய்க்குள் ஒரு நாளில் எவ்வளவு மழை விழ முடியும்? 2019 ஆகஸ்ட் முதல் வாரம் முடியும் தறுவாயில் நீலகிரியின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. கணக்குப் போட்டால் அந்தப் புனல் வழியாக மட்டும் 16 லிட்டருக்கு மேல் இறங்கியிருக்கும். ஒரு பெரிய குடம் நிறைந்து வழியும் அளவு. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் மழை சராசரியாக 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில், ஒரே மலைச்சரிவில். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 82 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் 68,000 வந்து அந்தச் சரிவில் கொட்டிவிட்டுப் போனதற்குச் சமம்.

இப்படி ஒரு மழையை முன்கூட்டியே எந்தச் சொல்லால் அறிவிப்பது? ஒரே நாளில் ஏறத்தாழ 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. இதுதான் வானிலைத் துறையின் படிநிலை. மேல்படிக்கு உச்சவரம்பு கிடையாது. 21 சென்டிமீட்டரும் அதி கனமழை, 82 சென்டிமீட்டரும் அதி கனமழை. இரண்டுக்கும் எச்சரிக்கை நிறம் சிவப்பு. சமவெளியில் இந்த ஏற்பாடு ஓரளவு ஒப்பேறிவிடும். மலையில் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஓர் ஊர் இருப்பதும் இல்லாமல் போவதும் இருக்கிறது.

மலை மழையை வரவழைக்கும் விதத்தைப் பள்ளியில் படித்திருப்போம். அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. போக வேறு வழியில்லாமல் மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, மழையாகக் கொட்டிவிடுகிறது. படிப்பதற்கு எளிது. நடப்பில் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தன் பங்குக்குக் காற்றைத் திருப்பிவிடுகிறது. பள்ளத்தாக்கின் வாய் காற்றின் திசைக்கு நேராக இருந்தால் புனல்போல அள்ளிக்கொள்கிறது, கொஞ்சம் சாய்ந்திருந்தால் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு அந்த மழை போகிறது. காற்று வேகமாக இருந்தால் துளிகள் முகட்டைத் தாண்டி மறுபுறம் விழும். நீலகிரிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆனி, ஆடியில் கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் நனைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் காற்று குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தை நனைக்கிறது. ஒரு மலை, இரண்டு மழைக்காலம், இரண்டு வேறு ஆபத்து முகங்கள்.

இதைக் கணினிக்குச் சொல்லிக் கொடுப்பதில்தான் கஷ்டம். வானிலை மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பநிலை, ஒரு காற்று, ஒரு உயரம் என்று வைத்துக் கணக்கிடுகின்றன. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நேர்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் மலை ரயில் கடல்மட்டத்திலிருந்து 330 மீட்டரில் கிளம்பி 1,700 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. 12 கிலோமீட்டர் அகலக் கட்டத்தில் இந்த ஏற்றம் முழுவதும் ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். கல்லாறும் பர்லியாறும் மரப்பாலமும் கணினிக்குத் தெரியவே தெரியாது. அதன் கண்ணுக்குத் தெரிவது ஒரு மழுங்கிய மேடு. மழுங்கிய மேட்டில் ஏறும் காற்று மழுங்கிய மழையைத்தான் தரும்.

2025 மே மாதம் இந்தியா தன் புதிய முன்கணிப்பு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அதில் கட்டத்தின் அகலம் 12-லிருந்து 6 கிலோமீட்டராகக் குறைந்திருக்கிறது. உலகம் முழுமைக்குமான மாதிரியில் இது பெரிய பாய்ச்சல், மனதாரப் பாராட்ட வேண்டியது. ஆனாலும் ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்பு இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் பத்து நாள் முன்கணிப்பைச் சில நிமிடங்களில் போட்டுத் தந்து வியக்க வைக்கின்றன. அவற்றில் பலவும் பாடம் படித்தது சுமார் 28 கிலோமீட்டர் கட்டங்களில் அடங்கிய பழைய பதிவுகளைக் கொண்டு. புயலின் பாதையை அவை நன்றாகவே பிடிக்கின்றன. எந்தச் சரிவில் குடம் நிறையும் என்று கேட்டால் அவற்றிடமும் பதில் இல்லை.

ரேடார் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். அதன் கதிர் நேர்கோட்டில் போவது. நடுவில் மலை நின்றால் அதற்குப் பின்னால் இருட்டு. கதிரைத் தூக்கி அனுப்பினால் மேகத்தின் மேல்பாதியைப் பார்க்கும், தரையை ஒட்டிக் கொட்டும் மழையைத் தவறவிடும். செயற்கைக்கோளுக்கு வேறொரு குறை. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து மழையை ஊகிப்பது அகச்சிவப்புப் படங்களின் வழி. உயரமான இடிமேகங்களுக்கு இது சரி. மேற்குத் தொடர்ச்சி மலையிலோ அதிகம் உயராத, உச்சி அவ்வளவு குளிராத மேகங்கள் முகட்டோடு ஒட்டி நின்று மணிக்கணக்கில் பொழியும். மேலிருந்து பார்த்தால் சாதுவான மேகம். அடியில் நிற்பவருக்கு ஓட்டுக்கூரையில் பேச்சே கேட்காத இரைச்சல்.

சில கிலோமீட்டர் பிசகினால் என்ன குடிமுழுகிவிடும்? நீலகிரியின் மேற்கு முகட்டில் நின்று பார்த்தால் புரியும். அந்த முகட்டுக்கு மேற்கே விழும் துளி சாலியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்கே விழுந்தால் பவானி வழியாகக் காவிரிக்கு, பிறகு வங்கக்கடலுக்கு. ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் பெய்தால் வேறு கடல், வேறு மாநிலம், எச்சரிக்கப்பட வேண்டிய வேறு மக்கள். பவானிப் பக்கம் பெய்தால் பில்லூர் அணை நிரம்பும். நீர்மட்டம் 97 அடியைத் தொட்டால் மதகு திறப்பார்கள், மேட்டுப்பாளையத்தில் ஒலிபெருக்கி வைத்த வண்டி ஆற்றோரத் தெருக்களில் சுற்றும். அங்கே அணை என்று ஒன்று இருப்பதால் சில மணி நேர அவகாசமாவது கிடைக்கிறது. மேலே, அணைக்கட்டு இல்லாத ஓடைகளில் அதுவும் இல்லை. காவிரியில் மேலே திறந்த தண்ணீர் கீழே வர நாள்கணக்கு ஆகும். மலையோடையில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. குளிப்பவர் தலைமேல் பெய்யும் மழையைவிட, கண்ணுக்குத் தெரியாத மேட்டில் பெய்யும் மழைதான் அருவியில் ஆளைக் கொல்கிறது.

மழையைச் சரியாகச் சொல்லிவிட்டாலும் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. சரிவில் மண் நிற்பதற்குக் காரணம் மணிகளுக்கு இடையிலான உராய்வு. இடுக்குகளில் தண்ணீர் நிறைந்தால் அந்தத் தண்ணீர் மணிகளை ஒன்றையொன்று விட்டு விலக்கித் தள்ளும். பிடி தளரும். சாலைக்காக அடிவாரத்தை வெட்டியிருந்தால், மழைநீர் ஓடையை மண் போட்டு அடைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் தளரும். 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தி, குன்னூர்ப் பகுதிகளில் ஐந்தே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரிவுகள் ஏற்பட்டன, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டத்தில் 283 இடங்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். இடத்தைச் சொல்லியாயிற்று. எப்போது என்பதுதான் கேள்வி.

1980-இல் நெல் கெய்ன் என்ற புவியியலாளர் உலகெங்கும் நடந்த 73 சரிவுகளை எடுத்து, எத்தனை மணி நேரம் எவ்வளவு வேகத்தில் மழை பெய்தபோது மண் இறங்கியது என்று ஒரே வரைபடத்தில் குறித்தார். புள்ளிகளுக்கு அடியில் ஒரு கோடு போட முடிந்தது. கொஞ்ச நேரம் கடுமையாகப் பெய்தாலும் சரி, நெடுநேரம் மிதமாகப் பெய்தாலும் சரி, அந்தக் கோட்டைத் தாண்டினால் ஆபத்து. ஒவ்வொரு மலைக்கும் அதன் மண்ணுக்கும் தனித்தனிக் கோடு உண்டு என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டுகொண்டார்கள். ஆகவே இன்று என்ன பெய்யும் என்பதோடு, நேற்றும் முந்தாநாளும் எவ்வளவு பெய்தது என்று கூட்டிப் பார்த்தாக வேண்டும். தோட்டத்து நோட்டின் அருமை இங்கேதான் வருகிறது.

வயநாட்டில் கல்பற்றாவைச் சேர்ந்த ஹியூம் சூழலியல் மையம் இதைத்தான் செய்துவருகிறது. மாவட்டத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, இருநூறுக்கும் மேற்பட்ட மழைமானிகளிலிருந்து தினமும் அளவு வாங்கிக் கூட்டிப் பார்க்கிறார்கள். 2024 ஜூலை 29 காலையில் முண்டக்கைப் பக்கத்துக் கணக்கு அவர்களைக் கலங்க வைத்தது. மாவட்ட நிர்வாகத்துக்குச் சொன்னார்கள். அன்று வயநாட்டுக்கு வானிலைத் துறை விடுத்திருந்தது ஆரஞ்சு எச்சரிக்கை, அதாவது அதிகபட்சம் 20 சென்டிமீட்டர். உண்மையில் 48 மணி நேரத்தில் 57 சென்டிமீட்டர் கொட்டியது. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல், கடல்மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரத்தில் மலை பிய்ந்தது. மலையாளத்தில் இதற்கு உருள்பொட்டல் என்று பெயர். பாறையும் மரமும் சேறுமாக எட்டு கிலோமீட்டர் உருண்டு, புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை வழியாகப் போனது. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ‘பாடி’ எனப்படும் தோட்டக் குடியிருப்புகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் பலர். சாலியாறு உடல்களை நிலம்பூர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த மையம் சொன்னதற்கும் சரிவுக்கும் நடுவில் சுமார் 16 மணி நேரம் இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. புவி சூடானதால் அந்த மழை சுமார் பத்து சதவீதம் கூடுதலாகப் பெய்தது என்று பின்னர் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு கணக்கிட்டது.

இலங்கை மலையகத்தில் வரம்பைப் பச்சையாக எண்ணிலேயே சொல்கிறார்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பாக இரு, 100 ஆனால் கிளம்பத் தயாராக இரு, 150 ஆனாலோ ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேறு. லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பில் இருக்கும் யாருக்கும் புரியும் கணக்கு. அதுமட்டும் போதாது என்பதற்கும் அங்கேயே சாட்சி இருக்கிறது. கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டம் ஆபத்தான இடம் என்று 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தார்கள். போவதற்கு வேறு நிலமோ வீடோ இல்லாத தோட்டத் தமிழர்கள் அங்கேயே இருந்தார்கள். 2014 அக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மலைகள் மறுபடி சரிந்தன. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நம் பக்கம் கருவிகள் கூடியிருப்பது ஆறுதல். தமிழக அரசு மாநிலமெங்கும் 1,400 தானியங்கி மழைமானிகளை நிறுவும் வேலையை எடுத்துக்கொண்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நீலகிரிக்கு நிலச்சரிவு முன்னறிவிப்பைச் சோதனை முறையில் 2020-இலேயே தொடங்கிவிட்டது. தெற்காசிய நாடுகளுக்கான திடீர் வெள்ள வழிகாட்டு அமைப்பு 4 கிலோமீட்டர் கட்டங்களில், 6 முதல் 24 மணி நேரம் முன்பாக எந்த நீர்ப்பிடிப்பு ததும்பும் என்று பார்க்கிறது.

தானியங்கி மழைமானிக்குள் ஊஞ்சல்போல ஒரு சின்ன வாளி இருக்கும். நிறைந்ததும் ஒரு பக்கம் கவிழும், ‘டிக்’ என்று ஒரு கணக்கு ஏறும். அது பகலிரவு பார்ப்பதில்லை. காலை எட்டரைக்குப் படிக்கும் பாட்டிலால் இரவு ஒரு மணிச் சரிவைப் பிடிக்க முடியாது, இதனால் முடியும். ஆனால் புனலில் ஒரு சில்வர் ஓக் இலை விழுந்தால் போதும், அடைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் வெயிலே எட்டிப் பார்க்காத ஆடி மாதத்தில் சூரியத் தகடு பேட்டரிக்கு ஊட்ட ஒன்றுமில்லாமல் நிற்கும். மழை எந்த வாரம் வலுக்கிறதோ அந்த வாரம்தான் கருவியும் கண்மூடும் வாய்ப்பு அதிகம். இலையை எடுக்கவும் பேட்டரியை மாற்றவும் அந்தச் சரிவில் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும்.

கருவி சரியாகவே சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணிக்கு மாவட்டத் தலைநகரில் ஒரு திரையில் அந்த எண் ஏறுகிறது. செல்போன் கோபுரம் மின்சாரமில்லாமல் கிடக்கிறது. குடியிருப்பில் எல்லோரும் தூங்குகிறார்கள். ஆனால் பல தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒரு சங்கு இருக்கிறது. வேலைக்குக் கூப்பிட நாள்தோறும் ஊதும் அந்தச் சங்கின் ஓசை பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும், கைக்குழந்தைக்குக்கூட அதைத் தெரியும். மழைமானியின் எண் வரம்பைத் தாண்டினால் தொழிற்சாலை இரவுக் காவலரே, யாரிடமும் அனுமதி கேட்காமல், அந்தச் சங்கை ஊதலாம் என்று எழுதிக் கொடுக்க ஒரு தாள் போதும். எங்கே போய் நிற்பது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே, வெளிச்சத்தில் ஒரு முறை நடந்து பார்த்துக்கொண்டால் போதும்.